கீழறையின் காற்றை அளந்தவனுக்கு

மகனே,

நீ ஃபோனை எடுப்பதில்லை. நான் அனுப்புகிற செய்திகளுக்குக் கீழே நீலக் கோடு இரண்டும் விழுகின்றன. ஆக நீ பார்க்கிறாய், படிக்கிறாய், படித்துவிட்டுச் சாப்பிடவும் போகிறாய். பதில் மட்டும் வருவதில்லை. சரி, நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் என்ன செய்வாய் பார்ப்போம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. ஆனால் கண்டியில் உன்னை வீட்டுக்குள் விட்டுக் காற்றை அளக்கக் கொடுத்தவர்கள் படித்தால் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். மானம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ உன் அப்பாவைக் கூப்பிட்டு, கீழறையில் படுக்காதீங்க, நான் அளந்து சொன்னது பிழை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் கேட்கிறது உன் ஒருத்தன் பேச்சைத்தான். அந்த நீயோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு எங்கோ ஒரு பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்திருக்கிறாய்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். அம்பிட்டியப் பக்கம் மேட்டைக் குடைந்து கட்டிய வீடு. வீதியிலிருந்து பார்த்தால் ஒரு தட்டுத்தான் தெரியும். உள்ளே வந்து படியிறங்கினால் கீழே இன்னோர் அறை இருக்கிறது. அந்த அறையின் பின்பக்கம் சுவர் கிடையாது, மலையின் கருங்கல்தான். உன் அப்பா மடுல்கெல்லவில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்து, ஒரே காம்பராவுக்குள் எல்லாரோடும் படுத்து எழும்பி வளர்ந்தவர். தனக்கென்று கதவு வைத்த ஓர் அறை என்பது அவருக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைச் சீமெந்து பூசி மறைப்போம் என்றேன், இது என்னோட மலை, மூட மாட்டேன் என்றார். மழைக்காலத்தில் அந்தக் கல்வெடிப்பிலே நீர் கசியும். அதற்கு ஒரு சட்டி வைப்பாரே தவிர ஒரு கரண்டி சீமெந்து வைக்க மாட்டார். பள்ளத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு ஜன்னல். வெயில் இறங்கியதும் அதைச் சாத்தி, இடுக்கிலே இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்துச் செருகிவிடுவார். கண்டிக் குளிர் அவருடைய நெஞ்சுக்கு ஆகாது. மறுபடி திறப்பது விடிந்த பிறகுதான். நீ பிறந்த காலத்திலிருந்தே அவர் படுக்கை அங்கேதான், என் குறட்டைக்குப் பயந்து ஓடினதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

போன வருஷம் இருமல் பிடித்தது. மழை இருமல் என்றோம், பனங்கற்கண்டு கொடுத்தோம், மருந்து மாற்றினோம். பிறகுதான் படம் எடுத்தார்கள். இடப்பக்க நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தது உனக்குத் தெரியும், அப்போதெல்லாம் நீ ஃபோனை எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு பீடியைக்கூடத் தொட்டறியாத மனுஷன். நான் டாக்டரைத் தனியே பிடித்து, அந்த அறையைப் பற்றிச் சொல்லி, இதுதான் காரணமா என்று கேட்டேன். அவர் நேர்மையானவர். அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மிச்சமிருக்கிறதைக் காப்பாற்ற வேண்டும், அப்படி ஓர் அறை என்றால் இனிமேல் படுக்க விடாதீர்கள் என்றார். அப்பாவிடமும் சொன்னார். உன் அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தையல் போட்ட பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சொன்ன பதில் இது: "டொக்டர், என் மகன் அதுலதான் கலாநிதி பட்டம் எடுத்திருக்கான். மூணு விதமா அளந்து பாத்துட்டான். ரூம் சுத்தம்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த அன்றே கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிவிட்டார்.

நீ அளந்த கதைக்கு வருகிறேன். நானும் கணக்கு டீச்சர்தான், ஒன்றும் தெரியாதவள் அல்ல, நீ சொல்லித் தந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குசினிக் கதிரையில் காலை மடக்கி வைத்துக்கொண்டு சொன்னாய். ரேடன் என்று ஒரு வாயு கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. திறந்த வெளியில் கலைந்துவிடும், மூடிய அறையில் சேரும். மூச்சோடு உள்ளே போன வாயு மூச்சோடே பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் அது சிதையும்போது அதற்குப் பிறக்கிறவை இருக்கின்றனவே, அவை வாயு இல்லை, பொடியிலும் பொடியான திண்மம். தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நெஞ்சுக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். உங்கள் துறையிலே அவற்றைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்களாம். "தாய் வந்துட்டுப் போயிரும்மா, பிள்ளைகள்தான் ஆபத்து" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன், தேங்காய் துருவிக்கொண்டே.

முதலில் கரி நிரப்பிய தகர டின் ஒன்றைத் திறந்து கீழறையில் வைத்தாய். சில நாட்கள் காற்றை உறிஞ்சும், பிறகு மூடி எடுத்துப் போய் எண்ணுவேன் என்றாய். அதற்குப் பக்கத்திலேயே மணிக்கு மணி எண் காட்டுகிற ஒரு பெட்டியும் வைத்தாய், இரண்டும் ஒரே நாட்களில் இருந்தால் ஒப்பிட வசதி என்று. வழமை போல இருங்கள், ராத்திரியில் சாத்துகிற மாதிரியே ஜன்னலைச் சாத்துங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். சொன்னாயா இல்லையா, சொன்னாய். ஆனால் உன்னோடு உன் பேராசிரியர் அல்லவா வந்தார்! கம்பஸிலிருந்து ஒரு சேர் நம் வீட்டுப் படியேறி, பிறகு படியிறங்கி, உன் அப்பாவின் அறைக்குள் வருகிறார். நான் என்ன செய்வேன் என்று நினைத்தாய்? முதல் நாளே கீழறை ஜன்னலோடு வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தேன். சாரத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். தரையைக் கழுவிக் காயவிட்டேன். டின்னை எடுக்க அவர் எந்த நேரம் வருவாரோ என்று அத்தனை நாளும் ஜன்னலை மூடவே இல்லை. குளிர் தாங்காத உன் அப்பாவை மேலே ஹாலில் படுக்கப் போட்டேன். உன்னிடம் கேட்டால் சாத்தச் சொல்வாய் என்று நீ வருகிற சத்தம் கேட்டதும் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் ஒருக்களித்து வைத்தேன். புழுங்கின வீட்டில் விருந்தாளியை உட்கார வைக்கிற குடும்பமா நாம்? இதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. கண்டியில் எந்தப் பொம்பளையும் கேட்க மாட்டாள்.

மூன்றாவது, அந்தச் சின்னக் கோப்பை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத துகள் வந்து மோதின இடமெல்லாம் அதில் தழும்பு விழும், மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பிறகு காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் தழும்பை எண்ணுவேன் என்றாய். இதுதான் நீண்ட காலத்துக்குச் சாட்சி, அவசர அளவைகளைவிட இதைத்தான் அதிகம் நம்பலாம் என்றாய். கல்லுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனாய். அதற்கு நடந்தது என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அப்பாவே பெருமையாகச் சொன்னார். "கம்பஸ் சாமான்ல அது. களவு போனா புள்ளைக்குத்தானே கெட்ட பேரு. மேல கொண்டுபோய் அலுமாரில வச்சுப் பூட்டிட்டேன். அவன் வர்றதுக்கு முந்தின நாள் எடுத்துத் திரும்ப மாட்டிட்டேன்." அந்தக் கோப்பை மாதக்கணக்கில் மேல் தட்டில், இரும்பு அலுமாரிக்குள், என் கூறைச் சேலைக்கும் அந்துருண்டைக்கும் நடுவில் பத்திரமாக இருந்திருக்கிறது. நீ கண் வலிக்க உட்கார்ந்து எண்ணியது என் கூறைச் சேலை சுவாசித்த காற்றை.

ஆனபடியால் மூன்றும் ஒத்துப்போயின. நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! "மூணும் ஒத்துப் போகுதும்மா, ஆபத்து எல்லைக்கு ரொம்பக் கீழ" என்று வாசலிலேயே சொன்னாய். ஒரு முறை பிழைத்தால் இன்னொரு முறை காட்டிக்கொடுக்கும், மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மை என்பதுதானே உன் ஆராய்ச்சியின் அடிப்படை. உன் அப்பா அன்றைக்கே டவுனுக்குப் போய் லட்டு வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார், ஏதோ வீட்டுக்குப் பரீட்சை வைத்து வீடு பாஸ் ஆகிவிட்ட மாதிரி. எனக்கு இப்போது தோன்றுகிறது, மூன்று சாட்சியும் ஒரே வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரே மாதிரித்தான் பேசும். அப்போது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை, உன் சேருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நாலாவதாக ஒன்று இருந்தது. அதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். இரவல் வாங்கிய பம்ப் ஒன்றை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவசரம். அறைக் காற்றை அது ஒரு வடிதாளின் வழியாக இழுக்கும், தாளில் படிகிற பிள்ளைகளை நீ எண்ணுவாய். வாயுவை அல்ல, நெஞ்சுக்குள் போய் உட்காருகிறவற்றையே நேராகப் பிடிக்கிற வித்தை. அப்பா அப்போதுதான் எழும்பியிருந்தார். ஜன்னல் சாத்தியபடி, சாரத் துணி செருகியபடி, பாயும் போர்வையும் கலைந்தபடி. நான் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை மேலே காட்டிவிட்டுக் கீழேயும் ஒரு சுற்றுக் கொண்டுவந்திருந்தேன். நீ எண்ணினாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சி, "சாம்பிராணி போட்டீங்களாம்மா?" என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை போடாமல் வேறு எப்போது போடுவார்கள் என்றேன். உன் முகம் தெளிந்துவிட்டது. "அதான். புகையில ஒட்டிக்கிட்டு நிக்குது. இதக் கணக்குல சேர்க்க ஏலாது" என்று பம்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ சொன்னதில் பாதி உண்மை. புகை இல்லாவிட்டால் அவற்றில் பல சுவரிலும் தரையிலும் போய் ஒட்டியிருக்கும், புகை அவற்றை அந்தரத்தில் பிடித்து வைத்தது. ஆனால் மகனே, புகை பிள்ளைகளைப் பிடித்து வைக்குமே தவிரப் பெற்றெடுக்காது. அத்தனை பிள்ளைகள் அந்த அறைக்குள் இருந்தன என்றால் பெற்றது யார் என்று நீ கேட்டிருக்க வேண்டாமா? இந்த வீடு விருந்தாளிக்காகச் சீவிச் சிங்காரிக்காமல் தன்பாட்டில் இருந்த ஒரே காலைப்பொழுது அது. அதைத்தான் நீ கழித்துவிட்டாய்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு, அலுமாரிக் கதையும் தெரிந்த பிறகு, நான் நிலூகாவைக் கூப்பிட்டேன். உன் பக்கத்து மேசையில் வேலை பார்த்தாளே, நம் வீட்டில் அப்பம் சாப்பிட்டுப் போகிற அந்தச் சிங்களப் பிள்ளை. எண் காட்டுகிற பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை நான் வீட்டைப் பெருக்கக்கூட இல்லை. அவளுக்குத் தேத்தண்ணியைக்கூட அன்றாடம் குடிக்கிற காது உடைந்த கோப்பையில்தான் கொடுத்தேன், விருந்தாளி என்கிற எண்ணமே இந்த வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று. ஜன்னல் சாத்தி, துணி செருகி, உன் அப்பா படுக்கிற மாதிரியே இரண்டு கிழமை விட்டோம். பொழுது சாய்ந்ததும் எண் ஏறத் தொடங்குகிறது. அவர் தூங்கத் தூங்க ஏறுகிறது. விடிந்து ஜன்னலைத் திறந்தால் மளமளவென்று இறங்குகிறது. உன் எல்லைக் கோட்டை அது எட்டிப் பார்க்கவில்லை, மிதித்துத் தாண்டிப் போகிறது. சாம்பிராணி இல்லாமல் பம்பும் வைத்துப் பார்த்தாள். அதுவும் நல்ல சேதி சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இந்தக் காமரயில ராத்திரி படுக்க ஹொந்த நே. மகன் சொன்னா அப்பா கேப்பார்தானே" என்றாள். ஹொந்த நே என்றால் நல்லதில்லை. அப்பா அவளை அன்பாகத்தான் பார்த்தார். என் மகன் மூன்று விதமாக அளந்தான், நீ ஒரு பெட்டியைத்தானே கொண்டுவந்தாய், எதம்மா பெரிசு என்று கேட்டு, ஒரு பை நிறைய ஆனைக்கொய்யா பறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், குளிர் காற்றுப் பட்டு இருமி இருமி நீலம் பாரித்துப் போனார், நானே ஓடிப்போய்ச் சாத்தினேன். கீழே பாம்பு வந்தது என்று பொய் சொன்னேன், வாடகை கேட்டாயா என்று சிரித்தார். மெத்தையைத் தூக்கி யாருக்கோ கொடுத்தேன். பாயை விரித்துத் தரையில் படுத்துவிட்டார், அந்தக் கல்வெடிப்புக்கு இன்னும் கிட்ட. அந்தச் சந்தோஷத்தில் நான் போய் மெத்தைக்காரியிடம் கெஞ்சி மெத்தையைத் திரும்ப வாங்கிவந்தேன். மேலே உன் அறை சும்மாதானே கிடக்கிறது, அங்கே படுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது சொன்னார் பார். "அவன் ரூம்ல நான் படுத்துக்கிட்டா, அவன் வந்து எங்க படுப்பான்?" நீ வந்து எத்தனை காலம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் உன் தலையணை உறையை மாதாமாதம் என்னைக் கொண்டு துவைக்க வைக்கிறார்.

கடைசியாக நீ ஃபோன் எடுத்த அன்று எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினேன். ஜன்னல், அலுமாரி, நிலூகாவின் எண் எல்லாம். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீயோ மெதுவாக, "அப்ப எல்லா வீட்டுலயும் இப்படித்தானே செஞ்சிருப்பாங்கம்மா" என்றாய். வைத்துவிட்டாய். அதோடு சரி. அந்த நிமிஷம் எனக்கு விளங்கவில்லை, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது விளங்கிவிட்டது. குண்டசாலையில் நீ அளக்கப் போன வீட்டில் உனக்கு வட்டிலப்பம் செய்து வைத்துக் காத்திருந்தார்களே, அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டா காத்திருந்திருப்பார்கள்? மடுல்கெல்ல லயத்தில் நீ வருகிறாய் என்று வாசல் மெழுகி, மேசைக்குச் சேலை விரித்துப் போட்டார்களே, அவர்கள் உன் கோப்பையைப் புகை படுகிற இடத்தில் தொங்கவா விட்டிருப்பார்கள்? நம் வீடு பிழை என்றால் நீ ஒப்பிட்ட எல்லா வீடும் சந்தேகம். அந்தப் பனி ஊரில் உனக்கு வேலை தந்து கதிரை போட்டுக் கொடுத்ததே அந்த ஒப்பீட்டுக்காகத்தான். அப்பாவிடம் வாயைத் திறந்தால் அடுத்து உன் சேரிடம் திறக்க வேண்டும், அதற்கடுத்து அங்கே இருக்கிறவர்களிடம். அந்தப் பயம்தான் உன் வாயைக் கட்டியிருக்கிறது. நான் பெற்ற பிள்ளையின் மௌனம் எனக்குத் தெரியாதா, ராசா.

ஊருக்குத் தண்ணீர் விடுகிற தொட்டியில் அப்பா வேலை பார்த்த காலத்தை நினைத்துப் பார். ஒரு மழைக்காலம். தொட்டித் தண்ணீர் நல்லாத்தான் இருக்கிறது, கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்று கீழ் வீதிக்காரர்களிடம் அவர்தான் சொல்லியிருந்தார். மறுநாள் மண் சரிந்து தண்ணீர் கலங்கிவிட்டது. அடைமழையில் குடையும் இல்லாமல் வீடு வீடாகப் போய், நேற்று நான் சொன்னது பிழை, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். நல்ல ஏச்சு வாங்கினார். ஒருத்தி பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனே என்று வாளித் தண்ணீரை அவர் காலடியிலேயே ஊற்றினாள். நீ அப்போது காய்ச்சலில் கிடந்தாய், நனைந்து வந்தவரைப் பார்த்து ஏன்ப்பா ஏசுறாங்க என்று அழுதாய். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏசட்டும்டா. வயித்து வலி வந்தா அதவிடப் பெரிய ஏச்சு" என்றார். மறுநாளும் அதே வீதியால்தான் வேலைக்குப் போனார். யாரும் அவரைத் தின்றுவிடவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, அதே வீதிக்காரர்கள்தான் அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். இதை உனக்குப் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கிறவனை அந்த மனுஷன் குறைவாக நினைக்க மாட்டார் என்பதற்காகச் சொல்கிறேன். உன் பட்டத்தைவிட அதைத்தான் அவர் பெரிதாக நினைப்பார்.

கோபத்தில் தொடங்கினேன். இவ்வளவு தூரம் எழுதி வந்ததும் கோபம் போய்விட்டது, பயம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. அவர் இப்போது ஒரே மூச்சில் படியேறுவதில்லை. நடுப்படியில் உட்கார்ந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் எழும்பிவிடுவார். அடுத்த மாதம் மறுபடி படம் எடுக்க வேண்டும். இருக்கிற நெஞ்சையும் அந்த அறைக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன்? உன் ஆராய்ச்சி என்ன ஆகும், உன் வேலை என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. குண்டசாலைக்காரர்களையும் லயத்து ஆட்களையும் யோசிக்காமல் இல்லை, நீ ஒரு நாள் அவர்களுக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் சுயநலக்காரி. முதலில் உன் அப்பா. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், பெற்றவள் விழக்கூடாது என்று சாத்திரம் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ ஒன்றும் நீட்டி முழக்கி விளக்க வேண்டாம். கரி, பிளாஸ்டிக், வடிதாள் ஒன்றும் வேண்டாம். இரண்டு வார்த்தை போதும். கீழே படுக்காதீங்கப்பா, நான் அளந்தது பிழை என்று ஒன்று. என் ரூமை எடுத்துக்கோங்க என்று இன்னொன்று. இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடாதே. முதலாவதை மட்டும் சொன்னால் ஹாலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தே தூங்குவாரே தவிர உன் கட்டிலைத் தொட மாட்டார்.

இனி நான் செய்யப் போவதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே. அவரை மேலே கொண்டுவர என்னால் முடியவில்லை. அதனால் நான் கீழே போகிறேன். என் பாயையும் தலையணையையும் இன்றைக்கு மத்தியானமே இறக்கிவிட்டேன். என்ன புதுசா என்று கேட்டார், உங்கள் மகன் அளந்து சொன்ன அறையாச்சே, எனக்கும் சுத்தமான காற்று வேண்டாமா என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம், இத்தனை வருஷம் கழித்துக் குறட்டையோடு வந்து சேர்ந்தாயா என்று இருமிக்கொண்டே சிரித்தார். எனக்காக இன்னொரு சாரத்தைக் கிழித்து ஜன்னல் இடுக்கை இன்னும் நன்றாக அடைத்திருக்கிறார். ஆக இனி நீ அந்த அறையைப் பற்றி நினைக்கும்போது ஒருத்தருடைய மூச்சை மட்டும் நினைக்காதே. கீழே சிக்னல் வராது, உனக்குத் தெரியும். அதனால் ஃபோனை மேல் படியில் வைத்திருக்கிறேன், சத்தத்தைக் கூட்டி. நீ கூப்பிட்டால் கேட்கும், கதவைத் திறந்துதான் படுத்திருப்பேன். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அவரைத்தான் ஏறச் சொல்வேன். அவர் மெதுவாகத்தான் ஏறுவார், நடுப்படியில் உட்காருவார். அதற்குள் வைத்துவிடாதே.

அம்மா